டிடிஎஸ் பிடித்துவிட்டார்களே, அப்புறம் எதற்கு ரிட்டர்ன்? (பாலக்கோடு, வீட்டிலிருந்து மொழிபெயர்ப்பு வேலை)

பாலக்கோட்டுக்காரி | 2025 ஆகஸ்ட் 9, இரவு 10.40

எல்லோருக்கும் வணக்கம். இப்படி எழுதிக் கேட்பது இதுதான் முதல் தடவை, கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பிறந்த வீடு தேன்கனிக்கோட்டைப் பக்கம். அதனால் சின்ன வயதிலிருந்தே கன்னடம் தண்ணீர் பட்ட பாடு. கல்யாணமாகிப் பாலக்கோட்டுக்கு வந்து, பையன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு, 2023 டிசம்பரில் பெங்களூருவில் இருக்கும் ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை செய்ய ஆரம்பித்தேன். அவர்கள் கன்னட ஆடியோ அனுப்புவார்கள், நான் கேட்டுத் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும். சம்பளம் கிடையாது, பிஎஃப் கிடையாது, மாதக் கடைசியில் எத்தனை நிமிஷம் முடித்தேனோ அதற்கு ஒரு பில் போட்டு அனுப்பினால் அடுத்த மாதம் 10-ஆம் தேதி வாக்கில் பணம் வரும், அதுவும் 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது பணம் கொடுக்கும்போதே பிடிக்கிற வருமான வரி, கழித்துக்கொண்டுதான். முதல் நான்கு மாதம் 24,000 ரூபாய் வீதம் பில் போட்டேன். அப்புறம் வேலை கூடி, இந்த மார்ச் மாதம் 36,000 வரை வந்தது.

வரியைத்தான் அவர்களே பிடித்துக் கட்டிவிட்டார்களே, ரிட்டர்ன் என்கிற வருமான வரிக் கணக்குத் தாக்கல் நமக்கு வேண்டியதில்லை என்றுதான் இத்தனை நாள் இருந்தேன். போன வாரம் கொழுந்தனார் மகன் வருமான வரி இணையதளத்தில் என் பெயரில் கணக்குத் திறந்து 26ஏஎஸ் என்று, என் பெயரில் பிடித்த வரியின் பட்டியல் ஒன்றைக் காட்டினான். 2024-25-க்கு வரவு 4,18,000, பிடித்த வரி 41,800 என்று இருக்கிறது. இதைத் திரும்ப வாங்கலாம் என்கிறான். மாமனாரோ, ஒரு தடவை உன் பெயர் அங்கே ஏறிவிட்டால் வருஷா வருஷம் விடமாட்டார்கள், போனது போகட்டும் விடு என்கிறார். 41,800 என்பது எனக்கு ஒரு மாதத்துக்கும் மேலான உழைப்பு, ராத்திரி பையன் தூங்கிய பிறகு ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்து செய்தது, அவ்வளவு லேசாக விட மனம் வரவில்லை.

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. 4,18,000-த்தில் 41,800 போனால் கைக்கு 3,76,200 வந்திருக்க வேண்டும். பாஸ்புக்கை எடுத்து 2024 ஏப்ரலிலிருந்து 2025 மார்ச் வரை கூட்டினால் 3,65,400 தான் வருகிறது. இரண்டு தடவை கூட்டிவிட்டேன், 10,800 ரூபாய் உதைக்கிறது. கம்பெனி ஏமாற்றுகிறதா, இல்லை நான் தப்பாகப் பார்க்கிறேனா?

மூன்றாவது, மாமியாருக்கு மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 வருகிறது. நாங்கள் எல்லோரும் ஒரே ரேஷன் கார்டு. நான் ரிட்டர்ன் போட்டால் அது நின்றுவிடுமா? வீட்டில் பெரிய பேச்சே இதுதான்.

எந்தப் படிவம், என்ன பிரிவு என்றெல்லாம் எனக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மாந்தோப்பு_காவேரிப்பட்டணம் | ஆகஸ்ட் 10, காலை 7.15

வணக்கம் சகோதரி. உங்கள் மாமனார் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் பணம் திரும்ப வேண்டுமென்றால் சுலபமான வழி ஒன்று உண்டு, வீட்டில் நிலம் இருந்தால் மொத்தத்தையும் விவசாய வருமானம் என்று போட்டுவிடுங்கள், அதற்கு வரியே கிடையாது. எங்கள் பக்கம் நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். அடுத்த வருஷத்துக்கு இப்போதே 15ஜி படிவம் எழுதிக் கொடுத்துவிட்டால் டிடிஎஸ்ஸும் பிடிக்கமாட்டார்கள், பேங்கில் டெபாசிட்டுக்குக் கொடுப்போமே, அதே படிவம்தான்.

ஏடு_பேனா_கிருஷ்ணகிரி | ஆகஸ்ட் 10, பகல் 1.05

நான் கிருஷ்ணகிரியில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் 11 வருஷமாக வேலை செய்கிறேன். நான் ஆடிட்டர் இல்லை, கணக்கு எழுதுகிறவன். ஆனால் தங்கச்சி கேட்டிருப்பது போன்ற கேஸ் ஜூலை, ஆகஸ்டில் தினம் ஒன்றாவது வரும்.

முதலில் மேலே சொன்ன யோசனை வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். கம்பெனி பணம் கொடுக்கும்போதே இது 194ஜே, அதாவது தொழில்முறைக் கட்டணம் என்று உங்கள் பான் எண்ணில் பதிந்தாகிவிட்டது. அது 26ஏஎஸ்ஸிலும், ஏஐஎஸ் என்ற ஆண்டுத் தகவல் அறிக்கையிலும் வரிசை வரிசையாக நிற்கிறது. அதை மாங்காய் விற்ற பணம் என்று எழுதினால் இயந்திரமே கண்டுபிடித்துவிடும். மாட்டிக்கொள்வது ஒருபுறம் இருக்கட்டும், ராத்திரி முழித்துச் சம்பாதித்ததை நீங்கள் ஏன் வேறு பெயரில் சொல்ல வேண்டும்? 15ஜி வட்டி போன்ற சில வரவுகளுக்குத்தான், 194ஜே-வுக்கு அது செல்லாது. இந்த வகைக்குப் பிடிப்பைக் குறைக்க வேண்டுமானால் 197-ஆம் பிரிவில் படிவம் 13 போட்டுத் துறையிடம் சான்றிதழ் வாங்க வேண்டும், உங்கள் அளவுக்கு அந்த அலைச்சல் தேவையா என்று யோசித்துக்கொள்ளுங்கள். வருஷக் கடைசியில் ரிட்டர்ன் போட்டு வாங்குவது லேசு.

இப்போது அந்த 10,800. இதைப் படித்ததும் சிரமப்பட்டுக் கூட்டியிருக்கிறீர்கள் என்று புரிந்தது, ஏனென்றால் உங்கள் கூட்டல் சரி. கம்பெனியும் ஏமாற்றவில்லை. 26ஏஎஸ்ஸைத் திறந்து கடைசி வரிசையைப் பாருங்கள், தேதி 31-3-2025 என்று இருக்கும். அது மார்ச் மாத பில், 36,000. மார்ச்சிலேயே அவர்கள் கணக்கில் எழுதி வரியும் பிடித்துவிட்டார்கள், ஆனால் உங்கள் கைக்கு 32,400 வந்தது ஏப்ரல் 10-இல். அது போலவே 2024 மார்ச் மாத பில் 24,000, அது முந்தின வருஷக் கணக்கில் ஏறிவிட்டது, ஆனால் 21,600 உங்கள் பாஸ்புக்கில் விழுந்தது 2024 ஏப்ரலில். 32,400-இல் 21,600 போனால் 10,800. கணக்கு உதைப்பது அங்கேதான். ஆகவே ரிட்டர்னில் போட வேண்டியது பாஸ்புக்கில் கூட்டிய தொகை இல்லை, 4,18,000. முக்கால்வாசிப் பேர் தப்பு செய்கிற இடம் இதுதான். கையில் வந்ததை வருமானம் என்று எழுதிவிட்டு, பிடித்த வரியை மட்டும் முழுதாகத் திருப்பிக் கேட்பார்கள், அது ஒத்துப்போகாமல் நோட்டீஸ் வரும்.

மாமனார் பயத்துக்கு வருகிறேன். டிடிஎஸ் என்பது வரியைக் கட்டி முடித்துவிட்டதாக அர்த்தம் இல்லை தங்கச்சி. உங்கள் பெயரில் முன்கூட்டியே கட்டி வைத்த பணம், அவ்வளவுதான். வருஷம் முடிந்ததும் உங்கள் உண்மையான வரி எவ்வளவு என்று நீங்கள் சொன்னால்தான் மிச்சம் திரும்பி வரும், சொல்லாவிட்டால் யாரும் தேடி வந்து கொடுக்கமாட்டார்கள். இன்னொன்று, ஒரு வருஷத்தில் பிடித்த வரி 25,000 ரூபாயைத் தொட்டாலே ரிட்டர்ன் போடுவது கட்டாயம், 2022-இலிருந்து அப்படி விதி இருக்கிறது. உங்களுக்கு 41,800. போடலாமா வேண்டாமா என்ற பேச்சுக்கே இடம் இல்லை. பெயர் ஏறிவிடும் என்கிறார், பெயர் ஏறி ஒன்றரை வருஷம் ஆகிறது, முதல் பில்லுக்கு வரி பிடித்த அன்றைக்கே.

உங்கள் உண்மையான வரி எவ்வளவு என்று பார்ப்போம். புதிய வரி முறையில் 2024-25-க்கு 3 லட்சம் வரை வரி இல்லை, 3 முதல் 7 லட்சம் வரை 5 சதவீதம். ஒரு ரூபாய்கூடச் செலவு காட்டாமல் 4,18,000-ஐயும் லாபம் என்றே வைத்தாலும் 1,18,000-க்கு 5 சதவீதம், 5,900. மொத்த வருமானம் 7 லட்சத்துக்குள் இருப்பதால் 87ஏ தள்ளுபடியில் அதுவும் போய்விடுகிறது. வரி பூஜ்யம். 41,800-ம் திரும்ப வர வேண்டிய பணம். ஆகவே செலவை ஊதிக் காட்டுங்கள் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், உங்களுக்கு அதனால் ஒரு பைசா லாபம் இல்லை.

படிவம்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டியது. ஐடிஆர் 1 கிடையவே கிடையாது, அது சம்பளக்காரர்களுக்கு. இணையத்தில் தேடினால் 44ஏடிஏ என்று வரும், வரவில் பாதியை லாபமாகக் காட்டி ஐடிஆர் 4 போட்டு முடித்துக்கொள்ளலாம் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் அது வக்கீல், டாக்டர், இன்ஜினீயர், கட்டடக் கலைஞர், கணக்காளர், தொழில்நுட்ப ஆலோசகர், உள் அலங்காரம் செய்பவர் என்று ஒரு பட்டியலுக்கு உரியது. சினிமாத் துறைக் கலைஞர்கள், கம்பெனி செகரட்டரி, தகவல் தொழில்நுட்பம் எல்லாம் பின்னால் சேர்த்தார்கள். மொழிபெயர்ப்பு அதில் பெயர் சொல்லி இல்லை. பலர் தொழில்நுட்ப ஆலோசனை என்ற தலைப்பில் நுழைத்துப் போடுகிறார்கள். எங்கள் அலுவலகத்தில் அப்படிப் போடுவதில்லை, ஐடிஆர் 3 போட்டு உண்மையான வரவு செலவைக் காட்டுவோம். படிவம் நீளம், பார்த்தால் பயமாக இருக்கும், ஆனால் உங்களுக்கு நிரப்ப வேண்டிய இடம் கொஞ்சம்தான்.

செலவு என்றால் இந்த வேலைக்கு என்று ஆனது மட்டும். இன்டர்நெட் மாதம் 700 என்றால் வருஷத்துக்கு 8,400. லேப்டாப் அந்த வருஷம் வாங்கியிருந்தால் முழு விலையையும் கழிக்கக் கூடாது, வருஷத்துக்கு 40 சதவீதம் தேய்மானம், அந்த வருஷத்தில் 180 நாளுக்குக் குறைவாகத்தான் உபயோகித்தீர்கள் என்றால் அதில் பாதி. சேமிப்புக் கணக்கில் வந்த வட்டியையும் சேர்க்க மறக்காதீர்கள், ஏஐஎஸ்ஸில் அது இருக்கும். வருமானம் இரண்டரை லட்சத்தைத் தாண்டிவிட்டதால் வரவு செலவு எழுதி வைக்க வேண்டியது விதிப்படியும் அவசியம். பெரிய பேரேடு எல்லாம் வேண்டாம், நீளமான நோட்டு ஒன்று வாங்கி இடது பக்கம் பில் தேதி, பில் தொகை, பிடித்தது, வந்தது, வந்த தேதி என்று ஐந்து கோடு போடுங்கள், வலது பக்கம் செலவு. அந்த இரண்டு தேதியும் தனித்தனியாக இருந்திருந்தால் 10,800-ஐத் தேடி நீங்கள் இரண்டு தடவை கூட்டியிருக்க வேண்டாம்.

உரிமைத் தொகை பற்றி மனம் நோகாமல் சொல்ல எனக்குத் தெரியவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். அந்தத் திட்டத்தின் விதியே குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும் என்பது. உங்கள் ஒருவர் வருமானமே அதைத் தாண்டுகிறது. ரிட்டர்ன் போடாமல் இருந்தால் அந்த விதி மாறிவிடாது. அது 12,000, இது 41,800 என்று கணக்குப் பார்ப்பது ஒரு பக்கம். அதைவிட, ஒன்றை மறைத்து மற்றதைக் காப்பாற்றிக்கொண்டு வருஷக்கணக்கில் பயந்துகொண்டே இருக்க முடியாது. வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். மாமியாரிடம் நீங்களே முதலில் சொன்னால் நல்லது.

2024-25 கணக்குக்குக் கடைசித் தேதியை 2025 செப்டம்பர் 15 வரை நீட்டியிருக்கிறார்கள். அதையும் தாண்டினால் டிசம்பர் 31 வரை தாமதக் கட்டணத்தோடு போடலாம், வருமானம் 5 லட்சத்துக்குள் என்றால் 1,000 ரூபாய்.

பென்னாகரம்_ஆல்பம் | ஆகஸ்ட் 10, மாலை 6.30

கணக்கர் அண்ணன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார், நான் பட்டதை மட்டும் சொல்கிறேன்.

நான் கல்யாண ஆல்பம் வடிவமைத்துக் கொடுக்கிறேன். உள்ளூர் ஸ்டுடியோக்கள் போக, வெளியூர் பிரிண்டிங் லேப் ஒன்றுக்கும் செய்கிறேன், அங்கே டிடிஎஸ் பிடிப்பார்கள். இரண்டு வருஷத்துக்கு முன் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் 500 ரூபாய் கொடுத்து ரிட்டர்ன் போட்டேன். அவர் என்னை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பான் கார்டு, ஆதார், பாஸ்புக் மூன்றையும் வாங்கினார், பத்து நிமிஷத்தில் ஒரு பேப்பரைக் கொடுத்து ரீஃபண்ட் வரும் என்றார். அவர் போட்டது ஐடிஆர் 1, என் வரவையெல்லாம் சம்பளம் என்று எழுதியிருக்கிறார். நான் யாரிடமும் சம்பளம் வாங்கியதே இல்லை.

இரண்டு மாதம் கழித்து 139(9)-இன்படி உங்கள் ரிட்டர்ன் குறைபாடுள்ளது, 15 நாளுக்குள் சரிசெய்யுங்கள் என்று நோட்டீஸ் வந்திருக்கிறது. வந்திருக்கிறது என்று சொல்வதற்குக் காரணம், எனக்கு அது தெரியவே தெரியாது. கணக்குத் திறந்தபோது அந்த சென்டர்காரர் தன்னுடைய இமெயிலையும் தன்னுடைய போன் நம்பரையும் போட்டிருக்கிறார். அவருக்கு வந்த நூறு மெயிலில் என்னுடையதும் ஒன்று. 15 நாள் கழிந்து, ரிட்டர்ன் போடாத கணக்கில் சேர்ந்து, ரீஃபண்டைக் காணோமே என்று நான் போய்க் கேட்டபோதுதான் தெரிந்தது. அந்த வருஷப் பணத்தை வாங்குவதற்குள் நான் பட்ட பாடு வேண்டாம்.

அதனால் அக்கா, ரிட்டர்ன் யார் வேண்டுமானாலும் போட்டுக் கொடுக்கட்டும், போன் நம்பரும் இமெயிலும் உங்களுடையதாக இருக்கட்டும், பாஸ்வேர்டு உங்கள் நோட்டில் இருக்கட்டும். இன்றைக்கே உள்ளே போய் சுயவிவரப் பக்கத்தைத் திறந்து பாருங்கள், கொழுந்தனார் மகன் அவசரத்தில் தன் நம்பரைப் போட்டிருக்கலாம். ரிட்டர்ன் போட்ட பிறகு 30 நாளுக்குள் ஆதார் ஓடிபி மூலம் இ-வெரிஃபை செய்ய வேண்டும், செய்யாவிட்டால் போட்டும் போடாத கணக்குதான். அந்த ஓடிபி ஆதாரோடு இணைத்த நம்பருக்கு வரும், அதுவும் கையில் இருக்க வேண்டும்.

இப்போது நானே போடுகிறேன். என்னுடையது வியாபாரக் கணக்கில் வருவதால் 44ஏடி, அதாவது வரவில் ஒரு பங்கை லாபமாகக் காட்டும் சிறு வியாபாரிகளுக்கான பிரிவு, ஐடிஆர் 4. பேங்க் வழியாக வந்ததில் குறைந்தது 6 சதவீதம், ரொக்கமாக வந்ததில் 8 சதவீதம் லாபம் காட்ட வேண்டும். நான் அதற்கு மேல்தான் காட்டுகிறேன், கிடைப்பது அதைவிட அதிகம் என்பதால். ஸ்டுடியோக்காரர்கள் கையில் கொடுக்கும் பணமும் வரவுதான், அதை விட்டுவிட்டு எழுதினால் நாளைக்கு பேங்கில் லோன் கேட்கும்போது நம் வருமானத்தை நாமே குறைத்துச் சொன்னதாக ஆகிவிடும். போன வருஷம் பெரிய மானிட்டரும் கேமராவும் வாங்க தருமபுரியில் ஒரு பேங்கில் லோன் கேட்டேன், முதலில் கேட்டதே மூன்று வருஷ ரிட்டர்ன்தான்.

ஓசூர்_இரவுப்பணி | ஆகஸ்ட் 11, அதிகாலை 12.50

நான் வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு இணையதளம் செய்து கொடுக்கிறேன், ஓசூர். என் நிலைமை அக்காவுக்கு நேர்மாறு, எனக்கு யாரும் ஒரு ரூபாய் டிடிஎஸ் பிடிப்பதில்லை. கேட்க நன்றாக இருக்கும், ஆனால் முதல் வருஷம் வந்ததையெல்லாம் செலவு செய்துவிட்டு, வரி கட்ட வேண்டிய நாளில் கையில் பணம் இல்லாமல் அப்பாவிடம் வாங்கிக் கட்டினேன். வருஷ வரி 10,000 ரூபாயைத் தாண்டும் என்றால் முன்கூட்டியே கட்ட வேண்டும், 44ஏடிஏ-வில் இருப்பவர்களுக்கு மார்ச் 15-க்குள் ஒரே தவணை. அது தெரியாமல் வட்டியும் கட்டினேன். இப்போது பணம் வந்த அன்றைக்கே பத்தில் ஒரு பங்கை வேறு கணக்குக்கு மாற்றிவிடுவேன், அதைத் தொடமாட்டேன்.

44ஏடிஏ பற்றி ஒன்று. வரவில் பாதி லாபம் என்பது குறைந்தபட்சம். உண்மையில் அதற்கு மேல் நிற்கிறது என்றால் மேலே காட்டச் சொல்கிறது சட்டம். என் நண்பர்கள் பலர் கண்ணை மூடிக்கொண்டு சரிபாதி போடுகிறார்கள், எனக்கு அது பிடிக்கவில்லை.

அக்கா, இனி உங்களுக்கு வேறொரு கேள்வி வரும், அந்த கம்பெனியின் கணக்குப் பிரிவிலிருந்து ஜிஎஸ்டி நம்பர் கேட்பார்கள். பதறிப்போய்ப் பதிவு செய்துவிடாதீர்கள். சேவை வேலைக்கு வருஷத்துக்கு 20 லட்சம் வரை பதிவு தேவையில்லை. கர்நாடகாவுக்குச் செய்தாலும் அதே வரம்புதான், வெளி மாநிலம் என்றால் முதல் ரூபாயிலிருந்தே பதிவு வேண்டும் என்று சொல்வது பழைய கதை, 2017 அக்டோபரிலேயே மாற்றிவிட்டார்கள். நான் பதிவு செய்யாதவர் என்று ஒரு வரி எழுதி அனுப்பினால் போதும். ஆனால் அந்த 20 லட்சம் என்பது லாபம் இல்லை, மொத்த வரவு. நான் 17 லட்சத்தைத் தாண்டியதும் மாதா மாதம் கூட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

பேரூராட்சியிலிருந்து தொழில் வரி என்று ஒரு சீட்டு வந்தால் அது வேறு, இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது அரையாண்டுக்கு ஒரு முறை உள்ளாட்சிக்குக் கட்டுவது, வருஷத்துக்கு 2,500 ரூபாய்க்கு மேல் போகாது.

அரூர்_டியூஷன் | ஆகஸ்ட் 11, காலை 9.20

ஒருவரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன், பெயர். நம் ஊர்ப் பெண்களுக்கு இது பெரிய தலைவலி.

என் பான் கார்டில் இனிஷியலை விரித்து அப்பா பெயர் முழுதாக இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு ஆதாரில் வீட்டுக்காரர் இனிஷியல். பேங்க் பாஸ்புக்கில் இனிஷியல் பெயருக்குப் பின்னால். மூன்றும் நான்தான், ஆனால் கம்ப்யூட்டருக்கு மூன்று பேர். ரீஃபண்ட் விழ வேண்டுமானால் பேங்க் கணக்கை இணையதளத்தில் முன்கூட்டியே சரிபார்ப்பு செய்ய வேண்டும், எனக்கு அது பெயர் பொருந்தவில்லை என்று மூன்று தடவை திரும்பியது. கடைசியில் பான் கார்டில் திருத்தம் போட்டு, பேங்கிலும் எழுதிக் கொடுத்து, அதன் பிறகுதான் பணம் வந்தது. வந்த அன்றைக்கு மெசேஜைப் பார்த்துக்கொண்டே அரை மணி நேரம் நின்றேன்.

பானும் ஆதாரும் இணைந்திருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள் மேடம். இணையாவிட்டால் பான் செயல்படாது, டிடிஎஸ் 20 சதவீதம் பிடிப்பார்கள், ரீஃபண்டும் வராது. உங்களுக்கு 10 தான் பிடித்திருக்கிறார்கள் என்பதால் அநேகமாக இணைந்துதான் இருக்கும்.

மாந்தோப்பு_காவேரிப்பட்டணம் | ஆகஸ்ட் 11, இரவு 8.05

கணக்கர் அண்ணா, நான் சொன்னது தவறு என்று புரிந்துகொண்டேன், சகோதரி மன்னிக்கவும். ஊரில் சொல்வதைக் கேட்டு நானும் அப்படியே நம்பிக்கொண்டிருந்தேன். இப்போது என் கணக்கே சரியா என்று பயம் வந்துவிட்டது. எனக்குச் சொந்தத் தோப்பு மூன்று ஏக்கர். அது போக ஜூன், ஜூலையில் பக்கத்துத் தோப்புகளில் மரத்தோடு காய் விலை பேசி எடுத்து மண்டிக்கு ஏற்றுவேன். கூழ் ஆலை ஒன்றுக்கு லாரி பிடித்துக் காய் சேர்த்துக் கொடுத்தால் டன்னுக்கு இவ்வளவு என்று கமிஷன் தருவார்கள். மூன்றையும் விவசாயம் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

ஏடு_பேனா_கிருஷ்ணகிரி | ஆகஸ்ட் 11, இரவு 9.40

மன்னிப்பெல்லாம் எதற்கு, இந்த மாவட்டத்தில் பாதிப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். உங்கள் மூன்று ஏக்கரில் விளைந்ததை விற்றது மட்டும்தான் விவசாய வருமானம், அதற்கு வரி இல்லை. மற்றவர் வளர்த்த மரத்தில் நிற்கும் காயை மட்டும் விலை பேசி எடுத்து விற்றால் அது வியாபாரம், நீங்கள் அங்கே உழவும் இல்லை, தண்ணீர் பாய்ச்சவும் இல்லை. ஆலை தருவது கமிஷன், அதற்கான டிடிஎஸ் பிரிவு 194எச் என்று பிடித்திருப்பார்கள், 2024 அக்டோபரிலிருந்து அது 5-இலிருந்து 2 சதவீதமாகக் குறைந்தது. கமிஷனுக்கு 44ஏடி பொருந்தாது. விவசாய வருமானம் 5,000 ரூபாயைத் தாண்டினால் ஐடிஆர் 4-உம் போட முடியாது. ஆகவே உங்களுக்கும் ஐடிஆர் 3 தான். வரி இல்லாவிட்டாலும் விவசாய வருமானத்தை அதற்கான இடத்தில் காட்ட வேண்டும், ஏனென்றால் 2024-25 கணக்கில் மற்ற வருமானம் 3 லட்சத்தைத் தாண்டும்போது எந்தப் படியில் வரி என்று பார்ப்பதற்கு அதையும் சேர்த்துக் கணக்கிடுவார்கள். மண்டிச் சீட்டுகள் இருந்தால் ஒன்றையும் தூக்கிப் போடாதீர்கள்.

பாலக்கோட்டுக்காரி | ஆகஸ்ட் 17, பகல் 3.25

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. 26ஏஎஸ்ஸைத் திறந்ததும் கடைசி வரிசையைத்தான் பார்த்தேன், 31-3-2025, 36,000, 3,600. அண்ணன் எழுதியது அப்படியே இருந்தது. மாமனாரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்து, பாஸ்புக்கையும் அதையும் காட்டி ஒவ்வொரு மாதமாகச் சொன்னேன். தக்காளி மண்டியில் 30 வருஷம் சீட்டு பார்த்தவர், பேச்சைக் கேட்கமாட்டார், ஆனால் எண்ணைக் காட்டினால் கேட்பார். பென்னாகரம் தம்பி சொன்னது போலவே போன் நம்பர் கொழுந்தனார் மகனுடையதுதான், மாற்றிவிட்டேன்.

உரிமைத் தொகை விஷயத்தை மாமியாரிடம் நானே சொன்னேன். ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. மறுநாள், நின்றால் நிற்கட்டும், மாதம் ஆயிரத்தை நீ என் கையில் கொடுத்துவிடு என்றார். கொடுக்கிறேன் என்றேன்.

ஐடிஆர் 3-ஐப் பாதி நிரப்பிவிட்டேன். லேப்டாப் 2024 ஜூனில் 46,000-க்கு வாங்கியது, 40 சதவீதம் 18,400 போட்டிருக்கிறேன், இன்டர்நெட் 8,400, அவ்வளவுதான். லாபம் 3,91,200 வருகிறது. இது சரியா? இன்னொன்று, 2023 டிசம்பர் முதல் 2024 மார்ச் வரை பிடித்த 9,600, அதை இப்போது கேட்க முடியுமா? கொழுந்தனார் மகன் ஐடிஆர்-யு என்று ஏதோ சொல்கிறான்.

ஏடு_பேனா_கிருஷ்ணகிரி | ஆகஸ்ட் 17, இரவு 7.50

சரியாக இருக்கிறது, வட்டியை மட்டும் அதன் இடத்தில் சேர்த்துவிடுங்கள். அனுப்புவதற்கு முன் டிடிஎஸ் பக்கத்தில் 41,800-ம், அதற்கு எதிரே வரவு 4,18,000-மும் நிற்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள்.

பழைய 9,600-க்கு ஐடிஆர்-யு உதவாது, அது விட்ட வருமானத்தைக் காட்டிக் கூடுதல் வரி கட்டுவதற்கான வழி, ரீஃபண்ட் கேட்க அதைப் பயன்படுத்த முடியாது. ஆனால் கதவு மூடவில்லை. 119(2)(பி) என்ற பிரிவில் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளும்படி மனு போடலாம், அந்த மதிப்பீட்டு ஆண்டு, அதாவது வருமானம் வந்த நிதியாண்டுக்கு அடுத்த நிதியாண்டு, முடிந்ததிலிருந்து ஐந்து வருஷத்துக்குள். இணையதளத்திலேயே சேவைகள் என்ற பகுதியில் அதற்கு இடம் இருக்கிறது. ஏன் தாமதம் என்று நேராக எழுதுங்கள், வரி பிடித்ததோடு முடிந்தது என்று நினைத்தேன், ரிட்டர்ன் போட வேண்டும் என்று தெரியவில்லை என்று. அந்த நான்கு மாத பில்லையும் பேங்க் ஸ்டேட்மென்டையும் சேர்த்து வையுங்கள். உடனே கிடைத்துவிடும் என்று சொல்லமாட்டேன், அதிகாரி பார்த்து முடிவெடுப்பது. முதலில் இந்த வருஷத்தை அனுப்பி, இ-வெரிஃபை செய்துவிட்டு, அப்புறம் அதை எடுங்கள். ஒப்புகைச் சீட்டை பிடிஎஃப்பாக இறக்கி உங்கள் மெயிலுக்கே ஒரு பிரதி அனுப்பி வையுங்கள்.

பாலக்கோட்டுக்காரி | ஆகஸ்ட் 17, இரவு 11.15

அனுப்பிவிட்டேன் அண்ணா. ஓடிபி என் போனுக்கே வந்தது.